எதைத் தள்ளுவது? பரிமாணக் குறைப்பும் இரவல் அறிவும்



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வருகிறவர் கிரேக்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன், நேரம் மிச்சமாகும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் 1992 முதல் 1994 வரை 40 பேரை, ஆளுக்குப் பத்துப் படமாக எடுத்தார்கள். முகத்தைக் கணினி அடையாளம் காண்பதைப் பற்றிப் படிக்கிற மாணவர் யாராக இருந்தாலும் அந்த 400 படங்களை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார். கறுப்பு வெள்ளைப் படங்கள். அகலம் 92 புள்ளி, உயரம் 112 புள்ளி. பெருக்கினால் 10,304. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் வெளிச்சத்தைச் சொல்லும் ஓர் எண். ஆக, கணினியைப் பொறுத்தவரை ஒரு முகம் என்பது 10,304 எண்கள் கொண்ட பட்டியல். கணக்கின் மொழியில் சொன்னால், 10,304 பரிமாணங்கள் கொண்ட வெளியில் ஒரு புள்ளி. அவ்வளவு பெரிய வெளியில் நம் கையில் இருப்பவை வெறும் 400 புள்ளிகள்.

இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஓர் அச்சைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்தால் பத்துக் கட்டங்கள். இரண்டு அச்சு என்றால் நூறு. ஆறு அச்சு என்றால் பத்து லட்சம். பத்து அச்சுக்கே ஆயிரம் கோடிக் கட்டங்கள் ஆகிவிடும். கட்டத்துக்கு ஒரு தரவாவது வேண்டும் என்று நினைத்தால் அதைச் சேகரிக்க உலகத்தில் ஆட்கள் போதாது. ரிச்சர்ட் பெல்மன் 1957-இல் இதற்குப் பரிமாணச் சாபம் என்று பெயர் வைத்தார். சாப விமோசனம் ஒன்றுதான்: எண்களைக் குறைப்பது. 10,304-ஐ 40 ஆக்க முடியுமா, 20 ஆக்க முடியுமா என்று பார்ப்பது. இதைத்தான் பரிமாணக் குறைப்பு என்கிறோம்.

குறைப்பது கடினமில்லை. எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது என்பதே கடினம். அந்த முடிவை எடுக்கத் தேவையான அறிவு பெரும்பாலும் நம் தரவுக்குள் இல்லை, வேறொரு பணியில் ஏற்கெனவே பட்டுத் தெளிந்த அனுபவத்திலிருந்து இரவலாகத்தான் வர வேண்டும் என்பது என் கட்சி. இன்றைய பேச்சு முழுவதும் அந்த இரவலைப் பற்றியது: எப்போது கைகொடுக்கும், எப்போது கழுத்தை அறுக்கும்.

முதலில் இரவல் வாங்காத முறையைப் பார்ப்போம். கார்ல் பியர்சன் 1901-இல் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளிக் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதற்கு மிக நெருக்கமாக ஓடும் கோடு எது, தளம் எது என்பது அவர் கேள்வி. 1933-இல் ஹெரால்டு ஹோட்டலிங் அதற்கு இன்று நாம் வகுப்பில் நடத்தும் வடிவத்தைக் கொடுத்தார். முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்று பாடநூலில் வருவது இதுதான். தரவு எந்தத் திசையில் மிக அதிகமாக விரிந்து கிடக்கிறதோ அந்தத் திசையை வைத்துக்கொள், விரிவே இல்லாத திசைகளைத் தள்ளிவிடு. 1991-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மத்தியூ டர்க்கும் அலெக்ஸ் பென்ட்லண்டும் இதை முகப் படங்களுக்குப் பயன்படுத்தி ஐகன் முகங்கள் என்ற பெயரைப் புகழ் பெறச் செய்தார்கள்.

அழகான முறை. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: எது அதிகம் மாறுகிறதோ அதுவே முக்கியம் என்ற நம்பிக்கை. முகப் படங்களில் மிக அதிகமாக மாறுவது எது? மூக்கா, கண்ணா? இல்லை. வெளிச்சம். இடப்பக்கம் விளக்கு வைத்து எடுத்த என் படத்துக்கும் வலப்பக்கம் விளக்கு வைத்து எடுத்த என் படத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒரே வெளிச்சத்தில் எடுத்த என் படத்துக்கும் உங்கள் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் பெரியது. ஆகவே பியர்சனின் முறை முதல் மூன்று இடங்களை விளக்குக்குக் கொடுத்துவிடுகிறது. வெளிச்சம் மாறும் படங்களாக இருந்தால் முதல் மூன்று கூறுகளை எடுத்து எறிந்துவிடுங்கள், அடையாளம் காண்பது மேம்படும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்ததும் உண்டு. மிக முக்கியம் என்று முறை சொன்னதை முதலில் எறி என்கிறார்கள்! இந்த யோசனை யாருக்குத் தோன்றும்? வெளிச்சத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்று முன்பே அறிந்தவருக்குத்தான். அந்த அறிவு 400 படங்களுக்குள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு முதல்முறை போகிறவன் கண்ணில் முதலில் படுவது கொம்பில் பூசிய வண்ணமும் கழுத்து மணியும்தான், ஏனென்றால் மாட்டுக்கு மாடு மாறுவது அதுதான். தரகர் அதைப் பார்ப்பதே இல்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடத்திப் பார்ப்பார். அந்தச் சந்தையில் அவர் அதுவரை ஒரு மாடும் வாங்காதவராக இருக்கலாம். வேறு சந்தைகளில் கற்ற பார்வை அது. ஒட்டகம் வாங்க அனுப்பினால் அதே தரகர் தடுமாறுவார் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரொனால்டு ஃபிஷரிடம் வருவோம். 1936-இல் அவர் ஐரிஸ் பூக்களின் அளவுகளை வைத்து வேறொரு விதி சொன்னார். 150 பூக்கள், மூன்று இனங்கள், பூவுக்கு நான்கு அளவுகள். இனங்களுக்கு இடையே வேறுபாடு அதிகமாகவும், ஒரே இனத்துக்குள் சிதறல் குறைவாகவும் தெரிகிற திசையைத் தேடு என்றார். வெறும் விரிவைப் பார்க்காதே, எதற்காகப் பார்க்கிறாய் என்று கேள் என்பது இதன் பொருள். ஃபிஷர் இரண்டு குழுக்களைப் பிரிப்பதற்குச் சொன்னதைப் பல குழுக்களுக்கு விரித்து 1948-இல் எழுதியவர் நம் சி. ஆர். ராவ். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்து 1946-இல் கேம்பிரிட்ஜுக்குப் போனவர், அங்கே சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த எலும்புகளின் அளவுகளை வைத்து வேலை செய்தார். அவருக்கு முன்பே அதே கழகத்தின் மகலனோபிஸ் வகுத்த தொலைவு அளவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் பாடநூல்கள் இதை ஓர் அனுமானம் என்று ஒரு வரியில் கடந்துபோகின்றன. மகலனோபிஸ் தொலைவைக் கணக்கிட ஒரு குழுவுக்குள் அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து எப்படி மாறுகின்றன என்று தெரிய வேண்டும். சிறு குழுவில் அதை நம்பகமாக மதிப்பிட முடியாது. என்ன செய்தார்கள்? எல்லாக் குழுக்களின் உட்சிதறலையும் ஒன்றாகத் திரட்டி ஒரே அணியாக மதிப்பிட்டார்கள். அதாவது, இருபது பேர் மட்டுமே உள்ள குழுவின் சிதறலை இருநூறு பேர் உள்ள குழுவிடமிருந்து இரவல் வாங்கினார்கள். டிரான்ஸ்ஃபர் லேர்னிங் என்று இன்று மாநாடு போட்டுப் பேசுகிற விஷயத்தின் வித்து, கணக்கீட்டு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காலத்துக் கல்கத்தாவிலேயே இருந்தது என்பது என் எண்ணம்.

ஃபிஷரின் முறைக்கு ஒரு விலை உண்டு. யார் யார் எந்த இனம் என்று குறியிட்ட தரவு வேண்டும், அதுவும் இனத்துக்குப் பலவாக வேண்டும். ஒலிவெட்டிப் படங்களையே எடுங்கள். 10,304 எண்களுக்கான உட்சிதறல் அணியில் தனித்தனியாக மதிப்பிட வேண்டிய உறுப்புகள் ஐந்து கோடியே முப்பது லட்சத்துக்கு மேல். 400 படம், 40 ஆள் என்றால் அந்த அணியின் தரம் 360-ஐத் தாண்டாது. ஃபிஷர் முறைக்கு வேண்டிய நேர்மாறு அந்த அணிக்குக் கிடையாது. அதனால்தான் முதலில் பியர்சன் முறையில் சுருக்கிவிட்டுப் பிறகு ஃபிஷர் முறையைப் போடுகிற இரண்டு அடுக்கு வழக்கம் வந்தது.

இதைவிட மோசமான நிலை நடைமுறையில் சாதாரணம். அலுவலகம் ஒன்றின் அடையாள அட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு படம். ஒரே ஆளுக்குள் சிதறல் என்ன என்று ஒற்றைப் படத்திலிருந்து எப்படிச் சொல்வது? சொல்லவே முடியாது. குழுக்களுக்கு இடையேயான வேறுபாட்டை உட்சிதறலால் வகுக்கும் ஃபிஷரின் விகிதத்தில் பகுதியே காணாமல் போய்விடுகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். என் முகத்தில் இடப்பக்கம் விளக்கு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் படம் எதற்கு? உங்கள் முகத்தில் விழுந்தபோது என்ன ஆயிற்று என்று பார்த்தால் போதாதா? சிரித்தால் கன்னம் எப்படி மேலேறும், தலை திரும்பினால் மூக்கு எந்தப் பக்கம் நகரும் என்பதெல்லாம் ஏறக்குறைய எல்லா மனித முகத்துக்கும் பொது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது வேறு. ஆகவே அந்த அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத, பல படங்கள் எடுக்கப்பட்ட வேறு ஆட்களிடமிருந்து உட்சிதறலைக் கற்று, அதை இந்த ஒற்றைப் படங்களின் மேல் ஏற்றலாம். எந்தத் திசைகள் ஒரே ஆளுக்குள்ளேயே மாறுபவையோ அவற்றைத் தள்ளலாம். யாரென்றே தெரியாதவர்கள், எதைத் தள்ளலாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இந்த யோசனையை ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செங் வாங், யாங்சியூ சோங், சாங்ஷுயி சாங் ஆகியோர். 2008-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இலக்குத் தரவில் ஒரு குறியும் கிடையாது. படங்கள் இருக்கின்றன, யார் யாருடையது என்று தெரியாது. பக்கத்தில் வேறு ஆட்களின் குறியிட்ட படங்கள் இருக்கின்றன. ஆட்கள் வேறு வேறு என்பதால் அங்கிருந்து குறியை இங்கே ஒட்ட முடியாது. அதனால் இப்படிச் செய்தார்கள். குறியில்லாத படங்களை ஒற்றுமையை வைத்துக் கொத்துக் கொத்தாகப் பிரி. கொத்து ஒவ்வொன்றையும் ஓர் ஆள் என்று தற்காலிகமாக வைத்துக்கொள். இந்தப் போலிக் குறியையும் அங்கிருந்து வந்த உண்மைக் குறியையும் சேர்த்து, இரண்டு பக்கமும் ஆட்களைப் பிரித்துக் காட்டும் திசைகளை ஃபிஷர் வழியில் தேடு. கிடைத்த சுருங்கிய வெளியில் மறுபடி கொத்தாக்கு. இம்முறை கொத்துகள் சற்றுத் திருத்தமாக இருக்கும். மறுபடி திசைகளைத் தேடு. மாற்றம் நிற்கும்வரை செய்.

உண்மைக் குறிகளின் பங்கு எங்கே என்று கேட்கலாம். அவை இல்லாமல் கொத்தாக்கினால் கணினி ஆட்களை அல்ல, விளக்கைத்தான் பிரிக்கும்: இடப்பக்க வெளிச்சம் எல்லாம் ஒரு கொத்து, வலப்பக்க வெளிச்சம் எல்லாம் ஒரு கொத்து. அந்தத் தப்பான கொத்தே அடுத்த சுற்றில் தப்பான திசையைக் கொண்டுவரும், சுற்றச் சுற்றத் தப்பு இறுகும். பக்கத்து ஆட்களின் குறி இருக்கும்போது, விளக்கின் திசையை வைத்துக்கொண்டால் அங்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் அந்தத் திசை அமுங்குகிறது. 

அதே 2008-இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சின்னோ ஜியாலின் பான், ஜேம்ஸ் க்வோக், சியாங் யாங் மூவரும் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். கட்டடத்துக்குள் வைஃபை அலையின் வலிமையை வைத்து ஆள் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்கும் வேலை. காலையில் அளந்த வலிமை மாலையில் இருக்காது. ஆட்கள் நடமாட்டம், கதவு திறப்பு, எல்லாம் மாற்றும். ஒவ்வொரு தடவையும் ஒருவர் கருவியோடு மாடி மாடியாக நடந்து அளப்பது செலவு. பழைய அளவுகளும் புதிய அளவுகளும் ஒன்றுபோலப் பரவிக் கிடக்கும் ஒரு சுருங்கிய வெளியைத் தேடினார்கள், அதில் பழைய குறிகளைக் கொண்டே புதியதைப் படிக்கலாம். இதில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டால், எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். அதனால் விரிவையும் ஓரளவு காப்பாற்று என்ற நிபந்தனையைச் சேர்த்திருந்தார்கள். நாம் முன்வாசல் வழியாக அனுப்பிய பியர்சன் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டார்!

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து விஷயம் என்று நினைப்பவர்களை மதுரைக்கு அழைத்துப்போகிறேன். நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கணினி முறை பற்றி 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சிக்கு 1,28,175 விழித்திரைப் படங்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் சேர்ந்திருந்தன. பயன்படுத்திய நரம்பு வலையின் பெயர் இன்செப்ஷன். அதன் வழக்கமான வடிவத்தில் உள்ளே போகும் படம் 299-க்கு 299 புள்ளி, புள்ளிக்கு மூன்று நிற எண்: இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்கு மேல். கடைசியில் தீர்ப்பு எழுதும் அடுக்குக்கு முன்னால் மிஞ்சுவது 2,048 எண்கள். அடுக்கடுக்காக நடப்பது பரிமாணக் குறைப்புதான்.

அந்த வலை விழித்திரையிலிருந்து தன் படிப்பைத் தொடங்கவில்லை. இமேஜ்நெட் என்ற தொகுப்பின் 1,000 வகைப் பொருட்களைப் பிரிக்கப் படித்துவிட்டு வந்தது. அந்த ஆயிரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை நாய் இனங்கள். நாய் இனங்களையும் தேநீர்க் கெண்டியையும் பிரிக்கக் கற்ற எண்களைத் தொடக்கமாக வைத்து, மதுரை நோயாளியின் விழித்திரையில் ரத்தக் கசிவைத் தேடப் போனார்கள். கேட்டால் சிரிப்பு வரும். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நன்றாகவும் வந்தது. காரணம், வலையின் முதல் அடுக்குகள் கற்பது விளிம்பு, நிறமாற்றம், வளைவு போன்ற பொதுவான விஷயங்கள். நாய்க்கு மட்டும் உரியவை கடைசி அடுக்குகளில்தான் வரும்.

ஆனால் அது எவ்வளவு உதவியது? 2019-இல் மைத்ரா ரகுவும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கறாராகச் சோதித்தார்கள். விழித்திரைப் படங்கள் நிறைய இருக்கும்போது, இமேஜ்நெட்டில் படித்த வலையும் ஒன்றுமே படிக்காமல் தொடங்கிய வலையும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வந்தன. இரவல் வாங்கிய வலை சீக்கிரம் வந்து சேர்ந்தது, அவ்வளவே. அதைவிடப் பல மடங்கு சிறிய, மருத்துவப் படத்துக்கென்றே எளிமையாகக் கட்டிய வலைகளும் ஈடுகொடுத்தன. படங்கள் மிகக் குறைவாக இருந்தபோதுதான் பெரிய வலைகளுக்கு இரவல் கொஞ்சம் கைகொடுத்தது. என் பார்வையில் இந்தத் துறையில் வந்த ஆரோக்கியமான கட்டுரைகளில் இது ஒன்று. வழக்கம் என்பதற்காக எல்லோரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்திக் கேட்டது.

இரவல் கெடுதலாகவும் முடியும். ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களில் பிழை மிஞ்சிப்போனால் 0.8 சதவீதம். கறுத்த நிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை. அந்த நிறுவனங்கள் எந்தப் படங்களில் பயிற்றின என்பது வெளியே தெரியாது. ஆனால் அப்போது புழக்கத்தில் இருந்த பொதுத் தொகுப்புகளில் வெளிர் நிற முகங்களே மிகுதி என்பதை அதே ஆய்வு காட்டியது. வெளிர் நிறத்தில் நிழல் எப்படி விழும் என்று கற்று, அதை வைத்து எதைத் தள்ளலாம் என்று முடிவு செய்தால், கறுத்த முகத்துக்கு வேண்டிய திசையும் குப்பையோடு போகலாம். தள்ளியது தள்ளியதுதான். பின்னால் வருகிற எந்தச் சாமர்த்தியமான அடுக்காலும் அதை மீட்க முடியாது. மற்ற இரவல்களைவிடப் பரிமாணக் குறைப்பில் இரவல் ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எந்தப் பணியிடமிருந்து வாங்குவது? ஷாய் பென்-டேவிட்டும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் ஒரு வரம்பை நிறுவினார்கள். நம் பணியில் வரக்கூடிய பிழை, மூன்று உருப்படிகளின் கூட்டலைத் தாண்டாது. ஒன்று, கற்ற இடத்தில் வந்த பிழை. இரண்டு, கற்ற இடத்துத் தரவும் நம் தரவும் பரவியிருக்கும் விதத்தில் உள்ள இடைவெளி. மூன்று, இரண்டு இடத்துக்கும் சேர்த்துப் பொருந்தக்கூடிய மிகச் சிறந்த ஒரே விதிக்குக்கூட வரக்கூடிய பிழை. முதலாவதை அளக்கலாம், அங்கே குறிகள் இருக்கின்றன. இரண்டாவதையும் அளக்கலாம், குறி இல்லாவிட்டாலும் இரண்டு தரவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஹாங்காங் ஆய்வாளர்கள் குறைத்தது இதைத்தான். மூன்றாவதுதான் மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உள்ள தூரம். இரண்டு தரவும் கச்சிதமாக ஒன்றன் மேல் ஒன்று பொருந்தியிருக்கும், ஆனால் அங்கே நோய் என்று இருந்த இடம் இங்கே நலம் என்று இருக்கும். குறியில்லாத தரவை எத்தனை லட்சம் குவித்தாலும் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே இரவல் அறிவு வந்தபிறகு குறியிடும் வேலையே வேண்டாம் என்று சொல்கிற விற்பனைப் பேச்சை நம்பாதீர்கள். குறைவாக வேண்டும் என்பது உண்மை, சில சமயம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக. பெரிய மொழி மாதிரி ஒன்றை ஒரு சொற்றொடர் ஒப்பீட்டுப் பணிக்குப் பழக்கும்போது, கோடிக்கணக்கான எண்களைத் தனித்தனியாகத் திருத்தாமல், தற்செயலாகத் தேர்ந்த ஒரு சிறு வெளிக்குள் 200 எண்களை மட்டும் திருத்தினாலே முழுத் திறனில் 90 சதவீதத்தை எட்ட முடிந்தது என்று அகஜான்யனும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் காட்டினார்கள். முன்பு பெரிதாகப் படித்ததனால் புதுப் பணிக்குத் தேவையான பரிமாணமே சுருங்கிவிடுகிறது. ஆனால் அந்த 200-ஐத் திருத்தவும் அந்தப் பணியின் குறிகள் வேண்டியிருந்தன.

இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களில் சிலர் இந்த ஆண்டு நிதிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று துறைத்தலைவர் சொன்னார். பயிர் நோயோ, ஓலைச்சுவடி எழுத்தோ, எதுவானாலும் இரண்டு விஷயங்களை எழுதிவையுங்கள். இரவல் வாங்கிய வெளியைப் பயன்படுத்துமுன், அதே தரவில் வெறும் பியர்சன் முறை என்ன தருகிறது என்று ஒப்பிட்டு அட்டவணை போடுங்கள், சில சமயம் அதுவே போதுமானதாக இருந்துவிடும். இரண்டாவது, உங்கள் சொந்தத் தரவில் சில நூறு உருப்படிகளுக்காவது விவரம் தெரிந்த ஆட்களை வைத்துக் குறியிடுங்கள். அதைப் பயிற்சிக்குக் கொடுக்காமல், பென்-டேவிட் வரம்பின் மூன்றாவது உருப்படியைச் சோதிப்பதற்கென்று ஒதுக்குங்கள். குறியிடுபவர்களுக்கான கூலியைக் கணினி வாங்கும் தொகைக்கு மேலே, விண்ணப்பத்தின் முதல் வரியாகப் போடுங்கள். மதிப்பிடும் குழுவில் நான் இருந்தால் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன்.